பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தல்: யார் யார் நிற்கிறார்கள் என்று தெளிவாகக் கவனிப்பது எப்படி?

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து, முதல் தடவையாக ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்த முதல் தேர்தல் 2022இல் வந்தது. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலிருந்தே தொலைக்காட்சியில் நாளுக்கொரு புதுப்பெயர். இவர் கட்சி நிறுத்தியவரா, தானாக அறிவித்தவரா, கடைசிவரை நிற்பாரா என்று ஒன்றும் பிடிபடவில்லை. வேலை முடிந்து வந்து இரவு விவாதத்தைப் போட்டால் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பாதி விளங்காது. தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

அலைந்து திரிந்து கடைசியில் கண்டுகொண்டது இதுதான்: இந்தத் தேர்தலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அரசு ஓர் ஆவணத்தை வெளியிடுகிறது. எல்லாம் இலவசம். அந்த ஆவணங்களை வெளிவரும் வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனால், வாரத்தில் அரை மணி நேரம் தாராளமாகப் போதும். விவாதம், கருத்துக்கணிப்பு எல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

அடுத்த தேர்தல் 2027 வசந்தத்தில். தொடர்ந்து இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் ஒருவர் இருக்க அரசியலமைப்பு விடாது. ஆகவே 2017இலும் 2022இலும் வென்ற மக்ரோன் அதில் நிற்க முடியாது. ஆட்கள் அதிகம் இறங்கும் தேர்தல் என்பதால் முன்கூட்டியே தயாராவது நல்லது.

1. முதலில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

வேட்பாளர்களைக் கவனிப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. வேட்பாளர்களின் அதிகாரபூர்வ அறிக்கைகள் அடங்கிய உறை, வாக்காளர் பட்டியலில் உள்ள முகவரிக்குத்தான் வரும். வீடு மாறியும் பதிவை மாற்றாமல் இருந்தால், உறை பழைய வீட்டுத் தபால்பெட்டிக்குப் போய்விடும். வாக்கும் பழைய ஊரில்தான் இருக்கும்.

2019 முதல், குடியுரிமை பெறுகிறவர்களின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அரசின் சர்வீஸ்-பப்ளிக் இணையதளத்தில் உங்கள் தேர்தல் நிலையைச் சரிபார்க்கும் பக்கம் இருக்கிறது. அங்கே ஊர், குடும்பப் பெயர், முதற்பெயர்கள், பிறந்த தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் எந்த வாக்குச்சாவடி என்பதுவரை காட்டும்.

எங்கள் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான் இருக்கிறது. அப்பாவின் பெயரா குடும்பப் பெயர், நம்முடைய பெயரா என்ற குழப்பம் விசா காலத்திலிருந்தே கூடவே வருகிறது. தேடும் பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும், இரண்டாவது முதற்பெயரை விட்டுவிட்டாலும் ‘காணவில்லை’ என்று சொல்லிவிடும். நாந்தில் உள்ள பதிவகம் உங்களுக்குக் கொடுத்த பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் எந்தப் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, இடையில் எங்கே கோடு இருக்கிறதோ, அப்படியே தட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மேரிக்கு (ஊரின் நகராட்சி அலுவலகத்துக்கு) நேரே போங்கள். அங்கே கணினியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பதிவதற்குத் தேவையானவை மூன்று: அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, உங்கள் பெயரில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று (மின்சார பில், வாடகை ரசீது போன்றவை), மேரியில் தரும் பதிவுப் படிவம். இணையத்தில் செய்தால் படிவத்தை அங்கேயே நிரப்பலாம். கட்டணம் ஒரு சதமும் இல்லை. அரசாங்கத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் உண்டு. பணம் கேட்டால் மூடிவிடுங்கள்.

கடைசி நாள்: முதல் சுற்றுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமை. இணையவழி என்றால் அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை. 2022இல் முதல் சுற்று ஏப்ரல் 10. எனவே இணையத்துக்கு மார்ச் 2, மேரிக்கு மார்ச் 4. அந்தத் தேதிக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தவர்களுக்கும் வழி உண்டு, வாக்களிப்புக்குப் பத்து நாள் முன்புவரை மேரியில் பதியலாம்.

பத்து வருட விசா வைத்திருப்பவர்கள் எத்தனை ஆண்டு இங்கே வரி கட்டியிருந்தாலும் இந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறு நாட்டுக் குடியுரிமை இருந்தாலும் இதில் வாக்கில்லை. ஆனால் கீழே சொல்லும் மற்ற எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்வாகிறவர் செய்யும் சட்டம் விசாக்காரரைத்தான் முதலில் தொடும் என்பதால், அவர்களும் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2. நாள்காட்டியில் ஐந்து நாட்களைக் குறியுங்கள்

தேர்தல் ஞாயிறு அறிவிக்கப்பட்டதும் அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஆறாவது வெள்ளி: வாக்காளர் பதிவு முடியும் நாள். அன்று மாலை 6 மணிக்கே வேட்பாளர்களுக்கான கையொப்பம் சேரும் கெடுவும் முடிகிறது. ஒரே நாள் என்பதால் நினைவில் வைப்பது சுலபம்.

அதற்குப் பிறகு சில நாட்களில்: அதிகாரபூர்வ வேட்பாளர் பட்டியல். 2022இல் இது மார்ச் 7, திங்கட்கிழமை வந்தது.

முதல் சுற்றுக்கு முந்தைய இரண்டாவது திங்கள்: அதிகாரபூர்வப் பிரசாரம் தொடங்கும் நாள். 2022இல் மார்ச் 28.

முதல் சுற்று ஞாயிறு. பிறகு சரியாக இரண்டு வாரம் கழித்து, இரண்டாம் சுற்று ஞாயிறு.

முதல் சுற்றில் ஒருவர் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுத்தால் அங்கேயே முடிந்துவிடும். நேரடி வாக்களிப்பு வந்ததிலிருந்து அப்படி ஒருமுறையும் நடக்கவில்லை. எனவே இரண்டாம் சுற்றுக்குப் போகும் முதல் இரு இடத்துக்கு வருவதுதான் முதல் சுற்றின் போட்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ‘நான் நிற்கிறேன்’ என்று சொல்பவர்களை வகை பிரியுங்கள்

தேர்தலுக்கு ஓராண்டு முன்பிருந்தே, ஏன், அதற்கும் முன்பே, ஆட்கள் அறிவிக்கத் தொடங்குவார்கள். முன்னாள் பிரதமர் எதுவார் பிலிப் 2027க்கான தன் போட்டியை 2024 செப்டெம்பரிலேயே அறிவித்துவிட்டார். அறிவிப்புக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் கிடையாது. எவரும் அறிவிக்கலாம், எவரும் விலகலாம்.

ஒரு கொப்பியில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே நான்கு கட்டம் போடுங்கள்: தானாக அறிவித்தார், கட்சி ஏற்றது, கையொப்பம் 500 சேர்ந்தது, பட்டியலில் வந்தார். ஒவ்வொரு கட்டமும் நிறைவேறும்போது தேதியை எழுதுங்கள். மூன்றாம் கட்டம் வரும்வரை அவருடைய கொள்கை அறிக்கையைப் படிக்க உட்காராதீர்கள். நேரம் வீண்.

இரண்டாம் கட்டம் கட்சிக்குக் கட்சி மாறும். சில கட்சிகள் உள்தேர்தல் நடத்தும். வலதுசாரிகள் 2016 நவம்பரில் நடத்தியது எல்லா வாக்காளருக்கும் திறந்திருந்தது. ஒரு சுற்றுக்கு 2 யூரோ கொடுத்து, அந்த அணியின் கொள்கைகளை ஏற்பதாக ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். இடதுசாரிகளின் 2017 ஜனவரி உள்தேர்தலுக்குச் சுற்றுக்கு 1 யூரோ. 2021இல் வலதுசாரி ரெப்பப்ளிகன் கட்சியோ சந்தா கட்டிய உறுப்பினர்களை மட்டும் கொண்டு வலேரி பெக்ரெஸைத் தேர்ந்தது. உள்தேர்தலில் கலந்துகொள்வதால் உண்மைத் தேர்தலில் அவருக்கே போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் அந்தக் கட்சியிடம் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

உள்தேர்தலில் வென்றவர் கடைசிவரை அதே பலத்தோடு இருப்பார் என்றும் கணக்குப் போடாதீர்கள். 2016இல் வென்ற பிரான்சுவா ஃபியோன் அடுத்த ஜனாதிபதி என்றே பேசப்பட்டார். 2017 ஜனவரியில் ‘லு கனார் ஆன்ஷெனே’ பத்திரிகை, அவர் மனைவிக்குக் கொடுக்கப்பட்ட நாடாளுமன்ற உதவியாளர் சம்பளத்தைப் பற்றி எழுதியது. மார்ச்சில் நீதிபதிகள் அவரை முறைப்படி விசாரணைக்கு உட்படுத்தினார்கள். முதல் சுற்றில் 20.01 சதவீதத்தோடு மூன்றாம் இடத்தில் நின்றுவிட்டார். நீதிமன்றத் தேதிகளையும் கொப்பியில் குறிப்பது அவசியம். தீவிர வலதுசாரித் தலைவர் மரின் லு பென்னுக்கு 2025 மார்ச் 31 அன்று கீழ்நீதிமன்றம் ஐந்தாண்டு தேர்தலில் நிற்கத் தடை விதித்தது, அவர் மேல்முறையீடு செய்தார். அவருடைய பக்கத்தைத் திறப்பவர்கள் அந்த வழக்கின் முடிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

4. ஐந்நூறு கையொப்பங்களைப் பாருங்கள்

முழுத் தேர்தலிலும் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் இதுதான். புதியவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை என்பது வருத்தம்.

பட்டியலில் ஏற விரும்புகிறவருக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 500 பேரின் ஆதரவுக் கையொப்பம் வேண்டும். பிரெஞ்சில் இதைப் ‘பரெனாஜ்’ என்பார்கள். மேயர், நாடாளுமன்ற உறுப்பினர், செனட்டர், மாவட்ட, பிராந்திய உறுப்பினர் என்று கையெழுத்திடும் தகுதி உள்ளவர்கள் சுமார் 42,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் சின்னச் சின்ன ஊர்களின் மேயர்கள். 500 பேரும் குறைந்தது 30 மாவட்டங்களிலிருந்து வர வேண்டும். ஒரே மாவட்டத்திலிருந்து 50 பேருக்கு மேல் எண்ண மாட்டார்கள். ஒரு பிரதிநிதி ஒருவருக்கு மட்டுமே கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. படிவத்தைக் கட்சிக்காரர் கையில் கொடுக்கவும் கூடாது. ஜனாதிபதித் தேர்தலை மேற்பார்வையிடும் அரசியலமைப்புப் பேரவைக்குப் பிரதிநிதியே அனுப்ப வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், பேரவை தன் இணையதளத்தில் வந்து சேர்ந்த கையொப்பங்களை வெளியிடும். யார், எந்த ஊர், என்ன பதவி, யாருக்கு என்று வரிவரியாக இருக்கும். கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஊரின் பெயரைத் தேடுங்கள். நீங்கள் பிள்ளையின் பள்ளிக்கூட உணவுக்குப் பதியப் போகும் அதே மேரியில் இருப்பவர் யாருக்குக் கையெழுத்து வைத்தார், அல்லது யாருக்கும் வைக்காமல் இருந்தாரா என்பது அங்கே அச்சாக இருக்கும். அரசியலைத் தூரத்து விஷயமாகப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வரி நிறையக் கற்றுக்கொடுக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. கையொப்பம் அதிகம் வந்தால் வாக்கும் அதிகம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் அதிகக் கையொப்பம் பெற்றவர் பெக்ரெஸ், 2,636. வாக்கில் கிடைத்தது 4.78 சதவீதம். அப்போதைய பாரிஸ் மேயர் ஆன் இதால்கோவுக்குக் கையொப்பம் 1,440, வாக்கு 1.75 சதவீதம். மரின் லு பென்னுக்கோ வெறும் 622 கையொப்பம், ஆனால் 23.15 சதவீதத்தோடு இரண்டாம் சுற்றுக்குப் போனார். ஊர்தோறும் மேயர்கள் உள்ள பழைய கட்சிகளுக்கு 500 ஒரு பொருட்டே இல்லை. மேயர்கள் இல்லாத கட்சிகள் கடைசி வாரம்வரை அதற்காக ஓடித் திரியும். எண் காட்டுவது இந்த வேறுபாட்டை மட்டுமே.

வாசலில் நின்றுபோனவர்களும் உண்டு. முன்னாள் நீதியமைச்சர் கிறிஸ்தியான் தொபிரா 2022 ஜனவரியில் இடதுசாரிகளின் இணைய வாக்கெடுப்பு ஒன்றில் முதலாவதாக வந்தார். கையொப்பம் சேராததால் மார்ச் தொடக்கத்தில் விலகிவிட்டார். கடைசியில் பட்டியலில் வந்தவர்கள் 12 பேர்.

5. பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

பட்டியல் வந்ததும் உயர் வெளிப்படைத்தன்மை ஆணையத்தின் தளத்துக்குப் போங்கள். ஒவ்வொரு வேட்பாளரின் சொத்து அறிக்கையும் நலன்கள் பற்றிய அறிக்கையும் முதல் சுற்றுக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்பே அங்கே வந்துவிடும். வீடு, வங்கிக் கணக்கு, கார், கடன், எல்லாம் இருக்கும். எளிய பிரெஞ்சு, பெரும்பாலும் எண்கள். மொழி வராதவர்களும் படிக்கலாம்.

செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2022இல் முதல் சுற்றோடு நிற்பவருக்கு 1 கோடி 68 லட்சத்து 51 ஆயிரம் யூரோ, இரண்டாம் சுற்றுக்குப் போகிறவருக்கு 2 கோடி 25 லட்சத்து 9 ஆயிரம் யூரோ. 5 சதவீத வாக்கைத் தாண்டியவருக்கு உச்சவரம்பில் 47.5 சதவீதம்வரை அரசு திருப்பித் தரும். தாண்டாதவருக்கு 4.75 சதவீதம்வரைதான். அதாவது ஒரு பக்கம் சுமார் 80 லட்சம், மறு பக்கம் சுமார் 8 லட்சம் யூரோ. பெக்ரெஸ் இந்தக் கோட்டை மயிரிழையில் தவறவிட்டார். தனிப்பட்ட முறையில் 50 லட்சம் யூரோ கடனில் இருப்பதாக மறுநாளே சொல்லி நன்கொடை கேட்டார். சுற்றுச்சூழல் கட்சியின் யானிக் ஜதோவும் 4.63 சதவீதத்தில் நின்றுபோனார். தேர்தல் இரவில் 5 சதவீதக் கோட்டைக் கட்சிகள் ஏன் அப்படிப் பார்க்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

நீங்கள் யாருக்காவது பணம் கொடுக்க நினைத்தால் விதி கறாரானது. ஒருவர் ஒரு தேர்தலில் வேட்பாளர்களுக்கு 4,600 யூரோவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ரொக்கம் 150 யூரோவுக்குள். குடியுரிமை இல்லாவிட்டாலும் பிரான்சில் வசிப்பவர் கொடுக்கலாம். வருமான வரியில் 66 சதவீதம் கழிவு கிடைக்கும், அதற்கு ரசீது வேண்டும். கடை வைத்திருப்பவர்களும் சங்கம் நடத்துகிறவர்களும் இதைக் கவனியுங்கள்: கடைக் கணக்கிலிருந்து காசோலை கொடுப்பது குற்றம். ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோவில் நிர்வாகம் எதுவும் வேட்பாளருக்குப் பணமாகவோ, இலவச மண்டபமாகவோ, சாப்பாடாகவோ கொடுக்க முடியாது. ‘எங்கள் சமூகத்தின் சார்பில் சேர்த்துக் கொடுப்போம்’ என்று யாராவது வந்தால் ஒரு சதமும் நீட்டாதீர்கள். கொடுப்பதானால் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, வேட்பாளரின் நிதி முகவருக்கு நேரடியாக.

கூட்டங்களுக்குப் போவதற்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை. வேட்பாளரின் தளத்தில் முன்பதிவு செய்துவிட்டு, அடையாள அட்டையோடு, பெரிய பை இல்லாமல் போங்கள். வாசலில் சோதனை நீளும் என்பதால் ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்வது நல்லது. எதிரெதிரான இரண்டு பேரின் கூட்டத்துக்காவது போய்ப் பாருங்கள் என்பேன். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று அங்கே தெரியும்: யார் வந்திருக்கிறார்கள், எந்த வரிக்குக் கை தட்டுகிறார்கள் என்பது.

6. தொலைக்காட்சியை எப்போது பார்ப்பது

ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆர்கோம் என்ற ஆணையம் நேரக்கணக்கு வைக்கிறது. அதிகாரபூர்வப் பிரசாரம் தொடங்கும்வரை, கருத்துக்கணிப்பில் எங்கே நிற்கிறார், முந்தைய தேர்தலில் கட்சி என்ன எடுத்தது என்பவற்றைப் பார்த்து விகிதப்படி நேரம் கொடுப்பார்கள். எனவே பெரியவர்கள் அதிகம் வருவார்கள். அதிகாரபூர்வப் பிரசாரம் தொடங்கிய திங்களிலிருந்து எல்லாருக்கும் சரிசமமான பேச்சு நேரம். 0.56 சதவீதம் எடுத்த நத்தாலி ஆர்த்தோவுக்கும் மக்ரோனுக்கும் அந்த இரண்டு வாரம் ஒரே அளவு.

ஆகவே என் ஆலோசனை: ஜனவரி, பிப்ரவரியில் தொலைக்காட்சியில் மண்டையை உடைக்காதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் பாருங்கள். அப்போது பொதுத் தொலைக்காட்சியில் எல்லா வேட்பாளரின் அதிகாரபூர்வக் குறும்படங்களும் வரும். அவை சுருக்கமானவை, ஒருவர் மட்டுமே பேசுவார், திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

பிரெஞ்சு இன்னும் கைவராதவர்கள் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைக் கேட்டு வாருங்கள். பத்து நிமிடம்தான், எழுத்து வடிவமும் கிடைக்கும். நாளிதழுக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை, ஊர் நூலகத்தில் லு மோந்த், லு ஃபிகாரோ, லிபெராசியோன் மூன்றும் கிடந்தால் ஒரே செய்தியை மூன்றிலும் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் காணொளியைப் பகிருமுன் ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் சரிபார்ப்புப் பக்கத்தில் தேடுங்கள். குடியேறிகளைப் பற்றிய பொய்கள் தேர்தல் காலத்தில்தான் எங்கள் குழுமங்களுக்குள் அதிகம் வருகின்றன.

7. கருத்துக்கணிப்பைப் பார்க்கும் முறை

தலைப்பில் உள்ள எண்ணோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தத் தேதியில், யார் பணம் கொடுத்தார்கள், பிழை எல்லை எவ்வளவு என்பதைச் சொல்வது சட்டப்படி கட்டாயம். ஆயிரம் பேரைக் கேட்டு ஒருவருக்கு 20 சதவீதம் என்றால், உண்மை 17.5க்கும் 22.5க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அரை சதவீதம் ஏறியது, இறங்கியது என்ற செய்தியில் ஒன்றுமில்லை.

கணிப்புகள் காட்டியதற்கு மாறாக, 2002 ஏப்ரல் 21 அன்று பிரதமர் லியோனல் ஜோஸ்பான் 16.18 சதவீதத்தோடு முதல் சுற்றிலேயே வெளியே போனார். மரினின் தந்தை ஜான்-மரி லு பென் 16.86 சதவீதத்தோடு இரண்டாம் சுற்றுக்குள் வந்தார். அன்றைய வேட்பாளர்கள் 16 பேர். இடதுசாரி வாக்கு அத்தனை பெயர்களுக்குப் பிரிந்தது. 2022இல் இடதுசாரி வேட்பாளர் மெலன்ஷோனுக்குக் கணிப்புகள் காட்டியது 20க்குக் கீழே, அவர் எடுத்தது 21.95. இரண்டாம் சுற்று அவருக்குத் தவறியது சுமார் 4 லட்சத்து 21 ஆயிரம் வாக்கில்.

வாக்களிப்புக்கு முந்தைய சனிக்கிழமையும் ஞாயிறு இரவு 8 மணிவரையும் புதுக் கணிப்புகளை வெளியிடத் தடை. அந்த நேரத்தில் பெல்ஜியம், சுவிஸ் ஊடகங்கள் எண்களைப் போடுவதுண்டு. பெருநகரங்களில் வாக்குச்சாவடி இரவு 8 மணிவரை திறந்திருக்கும் என்பதால், அந்த எண்களைப் பார்த்துவிட்டு ‘இனிப் போய் என்ன’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

8. வீட்டுக்கு வரும் உறையைத் திறந்து படியுங்கள்

முதல் சுற்றுக்கு முந்தைய நாட்களில் எல்லா வேட்பாளரின் அறிக்கைகளும் ஒரே உறையில் வரும். விளம்பரம் என்று எண்ணிக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. போடாதீர்கள். அதிகாரபூர்வ இணையதளத்திலும் அவை இருக்கும். 2022இல் ஒலி வடிவமும், எளிய மொழியில் எழுதிய வடிவமும் சேர்ந்தே வந்தன. எளிய மொழி வடிவத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டி வராது.

எல்லாவற்றையும் வாசித்து முடிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டைத் தொடும் நான்கைந்து விஷயங்களை எடுங்கள்: ஓய்வூதிய வயது, குறைந்தபட்சச் சம்பளம், வாடகை, குடும்பத்தை அழைப்பதற்கான விதி, குடியுரிமை நிபந்தனை. அவற்றை மட்டும் ஒவ்வொரு அறிக்கையிலும் தேடி, கொப்பியில் அவரவர் பக்கத்தில் அவர்கள் எழுதிய எண்ணோடு எழுதுங்கள். எண் இல்லாத வாக்குறுதிக்குக் கேள்விக்குறி போடுங்கள்.

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் இன்னொரு கேள்வி: இதைச் செய்ய நாடாளுமன்றத்தில் ஆள் இருக்கிறதா? 2022 ஏப்ரலில் மக்ரோன் 58.55 சதவீதத்தோடு வென்றார். ஜூனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய அணிக்குக் கிடைத்தது 577இல் 245 இடம், பெரும்பான்மைக்கு 289 வேண்டும். ஓய்வு வயதை 65 ஆக்குவேன் என்று பிரசாரம் செய்தவர், 2023இல் 64 என்ற சட்டத்தையே கொண்டுவந்தார். அதையும் இறுதி வாக்கெடுப்பு இல்லாமல் அரசியலமைப்பின் 49.3 என்ற பிரிவைப் பயன்படுத்தித்தான் நிறைவேற்ற முடிந்தது. நாடாளுமன்றத் தேர்தலும் வந்தால், அதையும் சேர்த்துத்தான் நாள்காட்டி முழுமையாகும்.

9. வாக்களிக்கும் நாளும், போக முடியாதவர்களும்

ஆயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் அடையாள ஆவணம் கட்டாயம். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு (இரண்டும் காலாவதியாகி ஐந்து ஆண்டுக்குள் இருந்தால் செல்லும்), படம் உள்ள கார்த் வித்தால் (மருத்துவக் காப்பீட்டு அட்டை) போன்றவை போதும். வாக்காளர் அட்டை இருந்தால் வரிசை வேகமாக நகரும், இல்லாவிட்டாலும் வாக்களிக்கலாம். மேசையில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்ச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போங்கள். ஒன்றை மட்டும் உறையில் போடுங்கள். சீட்டில் ஒரு சொல் எழுதினாலும், கிழித்தாலும் செல்லாது. வெறும் உறை வெள்ளை வாக்காக எண்ணப்படும். ஆனால் அது யாருடைய சதவீதத்தையும் மாற்றாது. 2022 இரண்டாம் சுற்றில் 22 லட்சத்துக்கு மேல் வெள்ளை வாக்குகள் விழுந்தன.

ஞாயிறும் வேலை செய்கிறவர்கள் நம்மில் அதிகம். உணவகம், கடை, முதியோர் இல்லம் என்று கடமை இருந்தால் வேறொருவரிடம் வாக்கை ஒப்படைக்கலாம். ‘மா புரோகுராசியோன்’ தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அடையாள அட்டையோடு ஏதாவதொரு காவல் நிலையத்துக்குப் போய் உறுதிசெய்வதுதான் வழக்கமான முறை. இருவருடைய வாக்காளர் எண்ணும் கையில் இருந்தால் நல்லது, அது வாக்காளர் அட்டையில் இருக்கும். அவர் வேறு ஊரில் பதிந்தவராக இருக்கலாம், ஆனால் உங்கள் சாவடிக்கு வந்துதான் போட வேண்டும். பிரான்சுக்குள் கொடுத்த ஒப்படைப்பில் ஒருவர் ஒன்றைத்தான் ஏற்கலாம். அதனால் வீட்டில் நான்கு பேரின் வாக்கையும் மூத்த மகனிடம் கொடுக்க முடியாது. இரண்டு சுற்றுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் காவல் நிலையத்தில் கூட்டம் நெரியும்.

புதுச்சேரி, காரைக்கால், சென்னைப் பக்கம் இருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் புதுச்சேரி துணைத் தூதரகத்தின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு பட்டியலில்தான் இருக்கலாம். பிரான்சுக்குக் குடிவந்து இங்கே பதிந்தால் அங்கே பெயர் போய்விடும். திரும்பிப் போகிறவர்களுக்கும் அப்படியே. வெளிநாட்டு வாக்காளர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் இணையம்வழி வாக்களிக்கலாம். ஜனாதிபதித் தேர்தலில் அந்த வசதி கிடையாது, நேரில் போக வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும். இதைக் கலந்து குழப்பிக்கொண்டு வீட்டில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

10. இரண்டு சுற்றுக்கும் நடுவில்

இந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை குறைவு. தோற்றவர்கள் யாருக்கு வாக்களிக்கச் சொல்கிறார்கள் என்பதை அவர்களுடைய சொந்த அறிக்கையிலேயே படியுங்கள். ‘இவருக்குப் போடுங்கள்’ என்பதும் ‘அவருக்கு ஒரு வாக்கும் போகக் கூடாது’ என்பதும் வேறு வேறு. 2022இல் மெலன்ஷோன் சொன்னது இரண்டாவது வகை. செய்தி சுருக்கங்களில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

இருவருக்கும் புது அறிக்கைகளோடு இன்னோர் உறை வரும். முதல் சுற்றில் எழுதியதை எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று கொப்பியோடு ஒப்பிடுங்கள். பிறகு நேருக்கு நேர் விவாதம், 2022இல் அது இரண்டாம் சுற்றுக்கு முந்தைய புதன்கிழமை, ஏப்ரல் 20 அன்று நடந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அடுத்த நாள் வேலை உள்ளவர்கள் காலையில் மறுஒளிபரப்பை, வசன எழுத்தைப் போட்டுக்கொண்டு, உங்கள் நான்கைந்து விஷயங்கள் வரும் பகுதிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டாம் சுற்றுக்கு முன் வேலை இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாற்றம் வந்தால், ஒப்படைப்பை அந்த வாரத்திலும் செய்யலாம். வெள்ளிக்கிழமைவரை இழுக்காதீர்கள். உங்கள் படிவம் மேரிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சாவடியில் உங்கள் ஆளை வாக்களிக்க விடுவார்கள்.